பினாங்குக் கப்பலும் கழுவிப்போன அம்மைப்பாலும்

திரைச்சீலைக்கு வெளியே ஒரு கை வந்து நின்றது. நான்கு கண்ணாடி வளையல், நகங்களில் மங்கிப்போன மருதாணி. முழங்கையோடு நின்றுவிட்டது.

“இன்னுங் கொஞ்சம் நீட்டணும் தாயீ” என்றார் சுடலைமுத்து. “தோளுக்குக் கீழதான் குத்தணும்.”

திரைக்குள் குசுகுசுப்பு. ஒரு சிரிப்பு. பிறகு ரவிக்கைக் கை சுருட்டப்பட்டு, கை முழுவதுமாக வெளியே வந்தது. சுடலைமுத்து தோலைப் பஞ்சால் துடைத்து, அம்மைப்பாலைத் தடவி, குத்தூசியை வைத்து ஒரு திருகு திருகினார். கை சிலிர்த்ததே தவிரப் பின்வாங்கவில்லை.

சுடலைமுத்து அம்மை குத்துகிறவர். நான் அவர் குத்தியதை எழுதுகிறவன். தென்காசியில் ஒரு சுகாதார அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். ஐம்பதுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டைச் சரியாகச் சொன்னால், அந்த ஆண்டில் அப்படி ஒரு படிவமே புழக்கத்தில் இல்லை என்று கடிதம் எழுத இந்தத் தொடருக்கு இரண்டு வாசகர்கள் இருக்கிறார்கள். இருவரும் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள். அவர்களுக்கும் பொழுது போகவேண்டுமே என்று அவ்வப்போது ஏதாவது பிழை விட்டுவைக்கிறேன். இந்த விஷயத்தில் வேண்டாம்.

அந்தக் கைக்கு உரியவள் மைதீன் பாத்து. வயது இருபத்து நான்கு. கணவன் பினாங்கில் ஒரு துணிக்கடையில். கல்யாணமாகி ஆறு வருஷம். இருவரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது நாலு மாதம். இதெல்லாம் படிவத்தில் கேட்கப்படாத விவரங்கள். அவளுடைய கொழுந்தன் மீரான் நான் பேனாவைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டவை.

“அண்ணன் மூணு வருசமா மனுப் போட்டு இப்பத்தான் அனுமதிச் சீட்டு வந்திருக்கு அண்ணாச்சி. மைனியக் கப்பல் ஏத்திட்டா எனக்கு ஒரு வேலை முடிஞ்சிது.”

“உங்களுக்கு என்ன வேலை?” என்றது திரை. “சாப்பிடுதிய, தூங்குதிய.”

மீரான் என்னைப் பார்த்து, பார்த்தீர்களா என்பது போலத் தலையை ஆட்டினான்.

நான் படிவத்தில் ‘முதல் தடவை’ என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். கையில் பழைய தழும்பு எதுவும் தெரியவில்லை. ‘பயணியைக் கேட்டறிந்து நிரப்பவும்’ என்று அந்தக் கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது. பொடி எழுத்தெல்லாம் எனக்கு மனப்பாடம். மனப்பாடமானதை யார் படிக்கிறார்கள்?

கடல் இல்லாத ஊரின் கப்பல்கள்

தென்காசியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலைக் காண அரை நாளாவது ஆகும். மேற்கே மலை. ஆனாலும் எங்கள் ஊரில் கப்பல் புறப்படும் நாள் தெரியாத வீடு குறைவு. பக்ரீத் எப்போது என்று தெரிவதற்கு முன்பே மலாயாக் கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து எப்போது புறப்படும் என்று தெரிந்துவிடும். தேநீர்க் கடையில் கப்பல் முகவர் கொடுத்த காலண்டர் தொங்கும். அதில் பதினைந்து நாளைக்கு ஒரு வட்டம்.

தறி நெய்கிறவன் ‘டெக்’ என்பான், ‘காபின்’ என்பான். கடலைக் கண்ணால் பார்த்திராத பெண்கள், மழைக்காலத்தில் கப்பலின் எந்தப் பக்கம் பாய் விரித்தால் நனையாது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அக்கரைக்குப் போக அன்று கப்பல்தான் வழி. ஆகாய விமானம் மந்திரிகளுக்கு.

இலஞ்சியிலிருந்து ஒரு வக்கீல் மகன் படிப்புக்காக லண்டன் போனான். கொழும்பில் ஏறிய கப்பல், எங்கள் மலாயாக் கப்பலைப் போல் மூன்று மடங்காம். நடன மண்டபம், நூலகம், நீச்சல் குளம். சாப்பாட்டு மேஜையில் வைத்த உணவுப் பட்டியல் ஒன்றை அவன் அப்பாவுக்குத் தபாலில் அனுப்பினான். அந்த அட்டை இலஞ்சி, தென்காசி, மேலகரம் என்று ஒரு மாதம் சுற்றியது. எங்கள் அலுவலகத்துக்கும் ஒரு பிற்பகல் வந்து போனது. பதினோரு வகை. படித்துவிட்டு எல்லோரும் எழுந்துபோய்த் தயிர்சாதம் சாப்பிட்டோம்.

எனக்குக் கப்பல் வியாதி உண்டு என்பதை இந்த இடத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஏறினால் வருகிற வியாதி இல்லை, ஏறாததால் வருவது. பிரயாண விதிகள், துறைமுகச் சுற்றறிக்கைகள், தனிமைப்படுத்தும் ஒழுங்குமுறைகள் என்று எது வந்தாலும் எடுத்துப் படித்துவிடுவேன். ஒரு நாற்காலியில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல உட்கார என்னால் முடிந்ததில்லை. மேலதிகாரி அதைச் சுறுசுறுப்பு என்று என் பணிப்பதிவேட்டில் எழுதிவைத்தார்.

எட்டு நாள் கணக்கு

விதி இதுதான். முதல் தடவையாக அம்மை குத்திக்கொள்கிறவருக்கு எட்டாம் நாள் கையைப் பார்க்கவேண்டும். கொப்புளம் கண்டு ‘பிடித்திருந்தால்’ அன்றிலிருந்து சான்று செல்லும். பிடிக்கவில்லை என்றால் மறுபடி குத்தி, மறுபடி எட்டு நாள்.

அந்தச் சான்றுப் புத்தகம் இல்லாமல் யாரும் கப்பல் ஏற முடியாது. காபின் பயணியிடம் புத்தகத்தை மட்டும் பார்ப்பார்கள். டெக் பயணியிடம் புத்தகத்தையும் பார்ப்பார்கள், கையையும் பார்ப்பார்கள். அம்மை நோய்க்கு வகுப்பு வித்தியாசம் தெரியாது, துறைமுகத்துக்குத் தெரியும்.

மைதீன் பாத்துவுக்கு எல்லாம் கச்சிதமாக அமைந்திருந்தது. எட்டாம் நாள் காலையில் கையைப் பார்ப்பது, மாலை ரயிலில் புறப்படுவது, மூன்றாம் நாள் நாகப்பட்டினத்தில் கப்பல். அதை விட்டால் அடுத்த கப்பல் பதினைந்து நாள் கழித்து. அது பினாங்கைத் தொடும்போது அவளுடைய அனுமதிச் சீட்டுக்குக் கெடு முடிந்து மூன்று நாள் ஆகியிருக்கும். அந்தச் சமயம் மலாயாவில் கதவை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தார்கள். ஒரு முறை கெடு தவறியவர்களுக்கு மறுபடி சீட்டு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

எட்டாம் நாள்

காலை பத்து மணிக்குச் சுடலைமுத்துவும் நானும் போனோம். வாசலில் தகரப் பெட்டி கயிறு கட்டித் தயாராக இருந்தது. மூடியில் வெள்ளைச் சாயத்தில் பெயர், அதற்குக் கீழே ‘பினாங்’. ‘கு’வுக்கு இடம் போதவில்லை.

கை வந்தது. சுடலைமுத்து குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“சார்வாள், ஒண்ணுமே இல்லியே.”

நானும் பார்த்தேன். குத்திய இடத்தில் லேசான கீறல். அதுவும் ஆறிவிட்டது. எட்டு நாளில் எழும்பியிருக்க வேண்டிய கொப்புளத்தின் சுவடே இல்லை.

“குத்துன அன்னைக்கு ஈரம் படக்கூடாதுன்னு சொன்னேம்லா?” என்றார் சுடலைமுத்து.

மீரான் வாசலில் கிடந்த செருப்புகளை ஆராய்ந்தான்.

“எங்கன போனிய?”

“ஐந்தருவிக்கு” என்றான் மீரான், செருப்புகளிடம்.

விஷயம் இதுதான். சீசன் அப்போதுதான் தொடங்கியிருந்தது. சாரலும் காற்றுமாக ஊரே குளிர்ந்து கிடந்தது. இனி எப்போது குற்றாலத்தைப் பார்க்கப்போகிறாளோ என்று, குத்திய அன்று மத்தியானமே சொந்தக்காரப் பெண்கள் அவளை வண்டி வைத்துக் கூட்டிப்போயிருக்கிறார்கள். உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய். சீயக்காய். அப்புறம் அருவிக்குக் கீழே ஒரு மணி நேரம். அரசாங்கத்தின் அம்மைப்பால் ஐந்தருவி வழியாகச் சிற்றாற்றில் கலந்து, தாமிரபரணியைத் தேடிப் போய்விட்டது.

“அண்ணாச்சி” என்றான் மீரான். குரல் தழைந்திருந்தது. “பிடிச்சிட்டுன்னு எழுதிருங்களேன். யாரு பாக்கப்போறா?”

“துறைமுக டாக்டர் பார்ப்பார்.”

“எங்க அக்கா மவ கையில நல்லா பொங்கியிருக்கு. அதப் பாத்து எழுதுங்க.”

“அந்தக் கையைக் கழற்றி நாகப்பட்டினத்துக்குக் கொண்டுபோவீரா?”

எனக்குக் கோபம். அவர்கள் மேல் கொஞ்சம், விதியின் மேல் கொஞ்சம். கோபம் வந்தால் விதியை உரக்கச் சொல்வது என் பழக்கம். வீட்டிலும் அப்படித்தான் என்று என் மனைவி சொல்வாள்.

“முதல் தடவை குத்திக்கொள்கிறவர்களுக்கு எட்டு நாள். பிடிக்கவில்லை என்றால் மறுபடி எட்டு நாள். முன்பே எப்போதாவது குத்திக்கொண்டவர்கள் என்றால் மட்டும் இப்போது குத்தி இப்போதே போகலாம். இதில் என்னால் ஒரு எழுத்தை மாற்ற முடியாது.”

“அந்தக் கடைசியச் சொல்லுங்க” என்றது திரை.

“எதை?”

“முன்னாலயே குத்தியிருந்தான்னா?”

“இன்றைக்கே போகலாம். ஆனால் உனக்குத்தான் இல்லையே அம்மா.”

“இல்லன்னு யாரு சொன்னா?”

இன்னொரு கை

திரை அசைந்தது. இந்தத் தடவை இடது கை வந்தது. தோளுக்குக் கீழே, பழைய காலணாக் காசைப் போல மூன்று வட்டத் தழும்புகள். வாசுதேவநல்லூரில், அவள் தாய் வீட்டில், கைக்குழந்தையாக இருந்தபோது குத்தியவை. எந்த டாக்டரும் மறுக்க முடியாத அடையாளங்கள்.

சுடலைமுத்து தலையில் அடித்துக்கொண்டார். முப்பது வருஷமாக இடது கையிலேயே குத்திப் பழகியவர் அவர். அன்றைக்குத் திரையைத் தாண்டி எது வந்ததோ அதில் குத்திவிட்டார்.

“இத ஏந்தாயீ அன்னைக்கே காட்டலை?”

“நீங்க கேட்டியளா? கைய நீட்டுன்னிய, நீட்டுனேன். வீட்டுக்கு வந்திருக்க பெரிய மனுசங்களுக்கு எடது கையையா நீட்டுவாவ?”

கேட்டறியவேண்டியவன் நான். மரியாதைக்காக அவள் வலது கையை நீட்டினாள். மரியாதைக்காகவே நாங்கள் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இருவருடைய மரியாதைக்கும் நடுவில் எட்டு நாள் போயிருந்தது.

“குத்தும்” என்றேன் சுடலைமுத்துவிடம். “இடது கையில்.”

குத்தினார். நான் அன்றைய தேதியிட்டு ‘மறு தடவை’ என்று எழுதினேன். மீரான் பெட்டியைத் தூக்கத் தயாரானான்.

“நில்லும்” என்றேன். “டாக்டர் தழும்பைப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். அதற்கு மேல் முத்திரை.”

“டாக்டர் எங்கன?”

“குற்றாலத்தில். சீசன் டூட்டி.”

ரயிலுக்கு ஐந்து மணி நேரம் இருந்தது.

முத்திரை வெளியே போன நாள்

அங்கீகரிக்கப்பட்ட முத்திரை என் மேஜை இழுப்பறையில், பூட்டில் இருக்கும். எந்தக் காரணத்தைக் கொண்டும் அது அலுவலகத்தை விட்டு வெளியே போகக்கூடாது. அந்த விதியைப் பெரிய எழுத்தில் எழுதி, என் கையாலேயே சுவரில் ஒட்டியிருந்தேன். அதற்குக் கீழே நின்றுதான் முத்திரையை எடுத்து, மைப்பெட்டியோடு கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டேன். யாராவது பார்த்துப் புகார் செய்தால் வேலைக்கே ஆபத்து. நியாயமாகப் பார்த்தால் பயந்திருக்க வேண்டும். மாடிப்படியை இரண்டிரண்டாக இறங்கியதுதான் நினைவிருக்கிறது.

குதிரை வண்டி. உள்ளே திரைபோட்டு மைதீன் பாத்துவும் பெட்டியும். பின்னால் காலைத் தொங்கப்போட்டு மீரான். முன்னால் வண்டிக்காரரோடு நான். சாரல் முகத்தில் ஊசி ஊசியாகக் குத்தியது. குதிரைக்கு எங்கள் அவசரம் புரிந்ததாகத் தெரியவில்லை.

“கப்பல்ல குளிக்க எடம் உண்டுமா?” என்றாள் உள்ளேயிருந்து.

“உண்டு. உப்புத் தண்ணீர்.”

“தொழுகைக்கு முன்ன ஒளூ செய்யவுமா உப்புத் தண்ணி?”

“அதற்கும் அதுதான். குடிக்கத் தனியாக நல்ல தண்ணீர் உண்டு. காலையில் குழாய் திறப்பார்கள். முதலில் போய் நிற்கவேண்டும். பாயை நடுப்பகுதியில் விரித்துக்கொள். முன்பக்கம் ஆட்டம் அதிகம்.”

“நீங்க எத்தன தடவ போயிருக்கிய?”

“ஒரு தடவைகூட இல்லை.”

“கப்பலப் பாத்திருக்கியளா?”

“படத்தில்.”

“பொறவு எப்படி இம்புட்டும் சொல்லுதிய?”

“விதிகளைப் படித்திருக்கிறேன்.”

உள்ளே சிரிப்பை அடக்குகிற சத்தம். நான் வண்டிக்காரரிடம் இன்னும் வேகமாக ஓட்டமுடியாதா என்று எரிந்துவிழுந்தேன்.

அருவிக்குக் கீழே ஒரு அதிகாரி

பேரருவிக்கு அருகே சுகாதாரக் கூடாரம் இருந்தது. அதில் டாக்டரின் மேஜை, டாக்டரின் தொப்பி, டாக்டரின் காலணிகள் எல்லாம் இருந்தன. டாக்டர் அருவிக்குக் கீழே இருந்தார்.

நூறு பேர் நடுவில் ஒரு அதிகாரியை முதுகை வைத்து அடையாளம் காண்பது எளிதில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடையைப் பிடித்தபடி, தண்ணீருக்குள் இறங்கினேன். கூப்பிட்டால் கேட்காது. சான்றுப் புத்தகத்தைக் குடைக்குள் உயர்த்திப் பிடித்து ஆட்டினேன். குளித்துக்கொண்டிருந்தவர்கள் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று விலகி வழிவிட்டார்கள். அதனால்தான் அவர் தென்பட்டார்.

துண்டோடு வெளியே வந்தார்.

“என்னவே இங்க வந்து குடையோட நிக்கீரு?”

சொன்னேன்.

“முத்திரைய ஏன்வே கொண்டாந்தீரு? அது ஆபீஸ விட்டு வரலாமா?”

“நீங்கள் வந்திருக்கிறீர்களே சார்.”

முறைத்தார். பிறகு வண்டிக்கு நடந்தார். திரையோரம் இடது கை தயாராக இருந்தது. தழும்பை விரலால் தொட்டுப் பார்த்து, “நல்ல குத்து” என்றார். வலது கையையும் பார்த்தார். நான் ஐந்தருவிக் கதையைச் சொன்னேன்.

“அருவிமேல பழியப் போடாதீரும். பழைய சக்தி உள்ள இருந்தாலும் இப்படித்தான், புதுசு பிடிக்காது. மொதல்லயே கேட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.”

அதை மீரானுக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டாம்.

“இந்தக் கோலத்துல சர்வதேசச் சான்றுல கையெழுத்துப் போடலாமாவே?” என்று துண்டைப் பார்த்துக்கொண்டார்.

“உடையைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை சார்.”

வண்டியின் பலகைமேல் புத்தகத்தை வைத்துப் போட்டார். நான் குடையைச் சரியாகத்தான் பிடித்திருந்தேன். ஆனால் அவர் நிமிர்ந்தபோது தலைமுடியிலிருந்து ஒரு சொட்டு, அவள் பெயரின் கடைசி எழுத்தின்மேல் நேராக விழுந்தது. மை வால்போல நீண்டு பரவியது.

நான்கு பேரும் அதைப் பார்த்தோம். உள்ளிருந்து பார்த்தவளும் சேர்த்து.

“திருத்தினதா நெனப்பாங்களோ?” என்றார் டாக்டர் மெதுவாக.

வேறு புத்தகம் எழுத வேண்டுமானால் தென்காசிக்குப் போய்த் திரும்பவேண்டும். ரயில் போய்விடும். முத்திரையை எடுத்து, கூடியவரை அந்த வாலின்மேல் அழுத்திக் குத்தினேன். வால் வெளியே எட்டிப் பார்த்தது.

“போங்க” என்றேன் வண்டிக்காரரிடம். “நேரே ஸ்டேஷனுக்கு.”

மீரான் திரும்பியது

அடுத்த ஒரு வாரம் நான் உட்காரவே இல்லை என்று சொல்லலாம். ஒவ்வொரு ரயில் ஊதலுக்கும் சன்னலுக்குப் போனேன். அவளைத் திருப்பி அனுப்பியிருந்தால் அது இரண்டு தடவையும் என் பிழை. முதல் தடவை கேட்காதது, இரண்டாம் தடவை குடை பிடித்தது. அவள் மறுபடி அந்தத் திரைக்குப் பின்னால் போய், ஆறு வருஷம் எத்தனை வருஷமாக நீளுமோ என்று இருந்துவிடுவாள். படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் உண்டு: ‘பயணம் கைவிடப்பட்டது.’ ஒரு கோடு போட்டால் போதும்.

ஒரு மத்தியானம் மீரான் வந்து நின்றான். தனியாக. முகம் சரியில்லை.

“என்னவே ஆச்சு?”

“துறைமுக டாக்டரு புஸ்தகத்த வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாரு அண்ணாச்சி. ‘இது என்ன தண்ணி?’ன்னாரு. எனக்கு நாக்கு ஒட்டிக்கிட்டு. மைனிதான், ‘குத்தால அருவித் தண்ணி’ன்னாவ.”

“அய்யோ. அவர் என்ன சொன்னார்?”

“‘அப்படியா, இந்த வருசம் சீசன் எப்படி?’ன்னு கேட்டாரு. கையப் பாத்தாரு. முத்திரை குத்திட்டாரு.”

நான் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன்.

“அப்புறம் என்ன குறை? ஏன் இப்படி நிற்கிறீர்?”

மீரான் கொஞ்சம் யோசித்தான். யாரிடமாவது சொல்லியாகவேண்டும் என்பது தெரிந்தது.

“கப்பலு கரைக்கு வராதுலா. தூரத்துல நிக்கும். படகுலதான் போணும். நானும் கூடப் போனேன். அழுவாவ, சமாதானம் சொல்லணும்னு மனசுக்குள்ள என்னெல்லாமோ நெனச்சு வச்சிருந்தேன். படகு ஏணிகிட்ட போனதும், ஒரு தூக்கு தூக்குது, ஒரு எறக்கு எறக்குது. பெரிய பெரிய ஆம்பளையெல்லாம் ‘அல்லா’ன்னு கத்துதான். இவிய துப்பட்டிய இடுப்புல சொருவிக்கிட்டு ஒரே எட்டு. ஏணியப் பிடிச்சிட்டாவ. ஒரு செருப்பு கழண்டு கடல்ல விழுந்துட்டு.”

“சரி.”

“நான், ‘மைனி, செருப்பு!’ங்கேன். குனிஞ்சுகூடப் பாக்கலை. மத்ததையும் ஒரு ஒதறு ஒதறித் தண்ணியில விட்டுட்டு, வெறுங்காலோட மேல ஏறிட்டாவ. திரும்பியே பாக்கலை அண்ணாச்சி.”

அவன் சன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“புதுச் செருப்பு” என்றான்.